வேனின் பின்பக்கத்துக்கு ஒரு 12 வோல்ட் சாக்கெட்: பேட்டரி முதல் படுக்கை வரை

பின் சீட்டுகளைக் கழற்றிப் படுக்கை போட்டு, ஓரமாக ஒரு குட்டி சமையல் மேடையும் வைத்துவிட்டால் வேன் கேரவன் ஆகிவிடுகிறது. தளி, அஞ்செட்டிப் பக்கம் முதல் இரவு தங்கும்போதுதான் குறை தெரியும். போன், விசிறி, ஐஸ்பெட்டி எல்லாம் பின்னால் இருக்கும். செருக இடம் டாஷ்போர்டில் மட்டும் இருக்கும். முன்னாலிருந்து நீட்டிய ஒயர் காலில் தட்டுகிறது, கதவில் நசுங்குகிறது, ஐஸ்பெட்டி நடு இரவில் நின்றுவிடுகிறது.

பின்னால் ஒரு சாக்கெட் போடுவது அரை நாள் வேலை. சாக்கெட் என்பது கடைசியில் திறக்கும் வாய்தான். வேலை முழுக்க அதற்குப் பின்னால் ஓடும் ஒயரிலும் பியூஸிலும் எர்த்திலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இருக்கிறது. சாக்கெட் எரிந்துபோச்சு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் எரிந்ததற்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்றுதான்.

முதலில் வண்டி எத்தனை வோல்ட் என்று பாருங்கள்

கார், சின்ன வேன், லோடு வண்டிகள் 12 வோல்ட். லாரியும் பெரிய பஸ்ஸும் பெரும்பாலும் 24 வோல்ட், இரண்டு பேட்டரி வரிசையாக இணைத்திருக்கும். பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். மல்டிமீட்டரை வைத்து அளந்துவிடுங்கள். பழைய பஸ்ஸை வாங்கிக் கேரவன் கட்டுபவர்களுக்கு இது முக்கியம்.

24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்து 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் என்.எச். 44-இல் ஓடும் பல லாரிகளில் உண்டு. அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் 12 வோல்ட் எடுக்கும் அந்த ஒரு பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே வரும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் செய்கிறது. ஆகவே குறைந்தது நிரம்பாது, நிறைந்தது கொதிக்கும். சில மாதத்தில் இரண்டு பேட்டரியும் போய்விடும். 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கிப் போடுவதுதான் வழி.

எதைச் செருகப் போகிறீர்கள்?

வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். கம்ப்ரஸர் உள்ள ஐஸ்பெட்டி 50, 60 வாட். ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். 65 வாட் லேப்டாப் சார்ஜர் தன் நஷ்டத்தையும் சேர்த்து 6 ஆம்பியர் வரை கேட்கும். சின்ன விசிறி 1 ஆம்பியருக்குள். 150 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் 14 ஆம்பியரைத் தொடும். அதை இந்தச் சாக்கெட்டில் செருகக் கூடாது, நேராக பேட்டரிக்குத் தனி ஒயர் வேண்டும்.

சிகரெட் லைட்டர் வடிவச் சாக்கெட்டில் 20 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் 10-க்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். நடுவில் ஒரு ஸ்பிரிங் முனை, பக்கத்தில் இரண்டு தகடு, இவ்வளவுதான் தொடுமிடம். வத்தல்மலை ஏற்றத்தில் குலுங்கும்போது அது நகரும், நகர்ந்தால் சூடேறும்.

எடுக்கும் மின்சாரம் எந்தப் பேட்டரியிலிருந்து வருகிறது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வண்டியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து இரவு முழுக்க ஐஸ்பெட்டி ஓட்டினால் காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். 100 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணியால் பெருக்கியது) லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே போகப் போக ஆயுள் குறையும். 5 ஆம்பியர் ஐஸ்பெட்டி நாளில் 40 சதவீத நேரம் ஓடினாலே 48 ஆம்பியர்-அவர் ஆகிவிடுகிறது. ஆகவே இரவு தங்கும் வண்டிக்கு இரண்டாவது பேட்டரி வேண்டும். சாக்கெட் அதிலிருந்து வரட்டும்.

இரண்டாவது பேட்டரி இல்லை, போன் சார்ஜ் செய்தால் போதும் என்றால், சாவி போட்டால் மட்டும் சாக்கெட் உயிர்பெறும்படி 4 பின் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வையுங்கள். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் ஒயர் ரிலேயில் 30 என்று எழுதிய முனைக்கு, சாக்கெட்டுக்குப் போவது 87-இல், சாவி போட்டால் மின்சாரம் வரும் ஒயர் 86-இல், எர்த் 85-இல். சாவி ஒயரில் ரிலே சுருளின் சொற்ப மின்சாரம் மட்டுமே ஓடும், அதனால் வண்டியின் ஒரிஜினல் ஒயரிங்குக்குப் பாரமில்லை.

டாஷ்போர்டு சாக்கெட்டின் ஒயரை அறுத்து அதிலிருந்தே பின்னால் இழுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த ஒயர் ஒரு சாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் பியூஸை 10-இலிருந்து 20-ஆக மாற்றிக் கொடுத்தால் இரண்டும் வேலை செய்யும், ஆனால் எரிய வேண்டிய பியூஸுக்குப் பதில் டாஷ்போர்டுக்குள் ஒயர் எரியும்.

ஒயர் கணக்கு

12 வோல்ட்டில் நஷ்டம் பெரிய விஷயம். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு வோல்ட் குறைந்தால் ஐஸ்பெட்டி நின்றுவிடக் கூடும். கணக்கு இதுதான்: 0.0175-ஐ ஒயர் போய்வரும் மொத்த மீட்டராலும் ஆம்பியராலும் பெருக்கி, ஒயரின் சதுர மில்லிமீட்டரால் வகுக்க வேண்டும். வருவதுதான் நஷ்டமாகும் வோல்ட்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் பேட்டரி, பின் கதவுப் பக்கம் சாக்கெட், ஒயர் ஓடும் வழி 5 மீட்டர் என்று வைப்போம். போக வர 10 மீட்டர். 10 ஆம்பியர் எடுத்தால் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 1.17 வோல்ட் போகிறது, 2.5-இல் 0.7, 4-இல் 0.44, 6-இல் 0.29. அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 5 ஆம்பியர் வரை 2.5 ஸ்கொயர் போதும், 10 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர். ஒயருக்கு மிச்சம் பிடிப்பவர்கள் 1 ஸ்கொயர் போட்டுவிட்டு, பேட்டரி 12.2 காட்டுகிறதே, ஐஸ்பெட்டி ஏன் நிற்கிறது என்று பேட்டரியை மாற்றுகிறார்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 10 ஆம்பியர் இழுத்தால் அந்த 1 ஸ்கொயர் ஒயரே 1.75 வோல்ட்டைத் தின்றுவிடும். பெட்டிக்குப் போய்ச் சேருவது 10.45. பெட்டியின் தாழ் வோல்ட் பாதுகாப்பு அதை அணைத்துவிடக் கூடும். கோளாறு பேட்டரியில் இல்லை.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், ஒரு கயிற்றை ஒயர் போகப்போகும் வழியிலேயே ஓட்டிப் பார்த்து அளந்து, அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள்.

ஒயர் மெல்லிய இழைகள் பல சேர்ந்த செம்பாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி ஒயர் குலுக்கலில் ஒடியும். வண்டிக்கான ஒயர் கிடைக்காவிட்டால் ஐ.எஸ். 694 (பி.வி.சி. ஒயருக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள மல்டி ஸ்ட்ராண்ட் வீட்டு ஒயர் பரவாயில்லை, இன்ஜின் சூடு படாத வழியில் போவதானால். மலிவாகக் கிடைக்கும் சில ஒயர்கள் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நஷ்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு ஒயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். கேரவனில் வெளிக்கரண்டு எடுக்கும் 230 வோல்ட் லைனும் இருந்தால், நாளைக்குப் பழுது பார்ப்பவர் இரண்டு சிவப்பு-கறுப்பு ஜோடியைப் பார்த்துத் தப்பானதில் கை வைப்பார். ஒவ்வொரு முனையிலும் ‘12’ என்று எழுதிய ஸ்லீவ் போடுங்கள். இரண்டு லைனையும் ஒரே குழாயில் ஓட்டாதீர்கள். அதே காரணத்துக்காக, வீட்டு மூன்று பின் சாக்கெட்டை 12 வோல்ட்டுக்குப் பொருத்தவே கூடாது.

வாங்க வேண்டியவை

5 மீட்டர் வழிக்கு: 4 ஸ்கொயர் சிவப்பு 5.5 மீட்டர், கறுப்பு 5.5 மீட்டர். மூடி உள்ள சாக்கெட் ஒன்று. பிளேடு பியூஸ் ஹோல்டர் ஒன்று. அதன் வால் ஒயரும் 4 ஸ்கொயருக்குக் குறையாமல் இருக்கட்டும், பல ஹோல்டர்களில் 1.5 ஸ்கொயர்தான் வரும். 10 ஆம்பியர் சிவப்புப் பியூஸ் ஐந்து. பேட்டரி போல்ட்டின் அளவுக்கு வளைய லக் (ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) இரண்டு. சாக்கெட் காதுகளுக்கு (பின்னால் நீட்டியிருக்கும் தகட்டு முனைகள்) 6.3 மில்லி பெண் லக் இரண்டு, 4 ஸ்கொயருக்கு மஞ்சள் நிறம் (2.5 என்றால் நீலம்). ரப்பர் குரோமெட் (தகட்டுத் துளையில் ஒயரைக் காக்கும் வளையம்), நெளிகுழாய், கேபிள் டை, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை). 12 வோல்ட் டி.சி. என்று எழுதியிருக்கும் வண்டி ஸ்விட்ச் ஒன்று. வீட்டு ஸ்விட்ச் ஏ.சி.க்கானது, 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும், டி.சி.யில் அணையாமல் முனையைத் தின்னும்.

கிரிம்பிங் பிளேயர் (லக்கை ஒயரோடு நசுக்கும் பிளேயர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் தொப்பூர்க் கணவாய் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

இடம்

சாக்கெட் சுவரில் பக்கவாட்டாகப் பார்க்க வேண்டும். மேலே பார்த்தபடி மேடையில் பதித்தால் டீ, தூசு, கொண்டை ஊசி எல்லாம் உள்ளே விழும். நடு முனை பாசிட்டிவ், சுற்று நெகட்டிவ். ஓர் ஊசி இரண்டையும் தொட்டால் போதும். கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குள்ளோ அதன் அருகே தரையை ஒட்டியோ வேண்டாம்: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தங்கும், செருகும்போது பொறி தெறிக்கும். மெத்தைக்குப் பின்னாலும் வேண்டாம், செருகி (பிளக்) சூடானால் யாருக்கும் தெரியாது.

பேனலுக்குப் பின்னால் 75 மில்லி ஆழம் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கெட்டின் உடம்பு, லக், ஒயர் வளைவு மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். 230 வோல்ட் ஒயரோ தண்ணீர்க் குழாயோ அங்கே ஓடுகிறதா என்பதையும் துளை போடும் முன் பார்த்துவிடுங்கள்.

வேலை

மின்சாரம் வரும் வழிகள் எல்லாவற்றையும் துண்டியுங்கள். கூரையில் சோலார் இருந்தால் முதலில் பேனலின் ஒயரைச் சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து பிரியுங்கள். பேட்டரியை முதலில் கழற்றினால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுவிடும். பிறகு வெளிக்கரண்டு சார்ஜர். அதன் பிறகே பேட்டரி, அதிலும் நெகட்டிவ் முதலில். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் ஷார்ட். மோதிரம், வளையல், காப்பைக் கழற்றி வையுங்கள்; அவற்றின் வழியே ஷார்ட் ஆனால் விரலோடு சேர்ந்து வெந்துவிடும்.

ஒயரை ஓட்டும்போது சைலன்சர், ஹேண்ட் பிரேக் கேபிள், சீட் நகரும் தண்டவாளம் மூன்றிலிருந்தும் விலகி இருங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் குரோமெட் போடுங்கள். அது இல்லாத தகட்டு விளிம்பு ஓராண்டுக் குலுக்கலில் ஒயரின் தோலை உரித்துவிடும். 30 சென்டிமீட்டருக்கு ஒரு டை. முனைகளில் ஒரு கை அகலம் தளர்வு விடுங்கள், நாளைக்கு லக் மாற்ற வேண்டியிருக்கும்.

சாக்கெட் துளைக்கு 28 அல்லது 29 மில்லி ஹோல்சா (வட்டத் துளை அறுக்கும் ரம்பம்). உங்கள் சாக்கெட்டை அளந்து தேர்ந்தெடுங்கள். பிளைவுட் என்றால் முகப்பில் டேப் ஒட்டி, நடு டிரில் பின்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திப் பின்னாலிருந்து முடித்தால் விளிம்பு சிதறாது. தகடு என்றால் விளிம்பை அரத்தால் தேய்க்க வேண்டும். சாக்கெட்டின் பின் நட்டு எவ்வளவு கனமான பலகையைப் பிடிக்கும் என்பதையும் சரிபாருங்கள். 18 மில்லி பலகையில் பல சாக்கெட்டுகளின் மரை எட்டாது. பின்னால் வட்டமாகக் குடைந்து மெலிதாக்க வேண்டியிருக்கும்.

லக் போட ஒயரின் தோலை 8 மில்லி உரித்து, இழைகள் ஒன்றுகூட அறுபடாமல் நுழைத்து நசுக்குங்கள். நசுக்கிய பின் ஒயரைப் பிடித்து நன்றாக இழுங்கள். கழன்று வந்தால் இப்போதே வந்தது நல்லது. சாலிடர் வைத்தால் இன்னும் உறுதி என்பது தவறு. ஈயம் ஏறிய இடம் விறைத்து, அது முடியும் இடத்தில் ஒயர் ஒடியும். சாக்கெட்டில் நடுக் காதுக்குச் சிவப்பு, பக்கக் காதுக்குக் கறுப்பு. மாற்றிக் கொடுத்தால் எரிவது சாக்கெட் அல்ல, செருகும் பொருள்.

ஸ்விட்ச் சிவப்பு ஒயரில், சாக்கெட்டுக்கு முன்னால். இது ஆடம்பரமில்லை. வோல்ட் காட்டும் விளக்கும் யு.எஸ்.பி. துளையும் சேர்ந்த சாக்கெட் சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்பியர் குடித்தால், ஒரு மாதத்தில் 14 ஆம்பியர்-அவர் போகும். வீட்டு வாசலில் ஆறு மாதம் நிற்கும் வண்டிக்கு அது பேட்டரியின் விலை.

கறுப்பு ஒயரை அருகிலுள்ள பாடி ஸ்க்ரூவில் கட்டிவிடும் ஆசை வரும். பெயின்ட்டும் துருவும் பட்டிகளின் இணைப்பும் சேர்ந்து அங்கே எவ்வளவு தடை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டிய பாடியில் ஃபைபரும் பிளைவுட்டும் இருந்தால் எர்த்தே இருக்காது. பேட்டரி வரை கறுப்பைக் கொண்டுவாருங்கள். பேட்டரி மானிட்டரின் ஷண்ட் (வந்துபோகும் மின்சாரத்தை அளக்கும் துண்டு) இருந்தால், கறுப்பு ஷண்டின் லோடு பக்கத்துக்குப் போக வேண்டும். நேராக பேட்டரி முனையில் கட்டினால் இந்தச் சாக்கெட் குடிப்பது மானிட்டர் கணக்கில் வராது.

பியூஸ் ஹோல்டர் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். பியூஸ் காப்பது சாக்கெட்டை அல்ல, ஒயரை. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்தால், நடுவழியில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆகும்போது பேட்டரியின் முழு வேகமும் அந்த ஒயரில் இறங்கும். லித்தியம் பேட்டரி என்றால் ஷார்ட் வேகம் இன்னும் அதிகம். அதற்கு முனையிலேயே அதற்கான மெயின் பியூஸ் தனியாக வேண்டும்.

10 ஆம்பியர் பியூஸில் தொடர்ந்து 8-க்கு மேல் ஓட்டாதீர்கள். பின்னால் இரண்டு மூன்று சாக்கெட் வேண்டும் என்று இப்போதே தெரிந்தால், 6 ஸ்கொயர் ஒயரை 30 ஆம்பியர் பியூஸோடு பின்னால் கொண்டுபோய் ஒரு குட்டி பியூஸ் பெட்டி வைத்து, அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி 10 ஆம்பியர் பியூஸில் பிரியுங்கள்.

சோதனை

பியூஸ் போடாமல், ஸ்விட்சை ஆன் செய்து, ஹோல்டரின் சாக்கெட் பக்க முனைக்கும் கறுப்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். எதுவும் செருகாத வெறும் சாக்கெட்டில் தடை முடிவிலியாகக் காட்ட வேண்டும். விளக்கோ யு.எஸ்.பி.யோ உள்ளதில் ஏதாவது ஓர் எண் வரலாம், பூஜ்யத்தை ஒட்டி மட்டும் வரக் கூடாது. பேட்டரியை இணைக்கும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசி, பிறகு சோலார், எல்லாம் முடிந்து பியூஸ்.

வோல்ட் மட்டும் பார்த்து முடிக்காதீர்கள். லோடு இல்லாதபோது ஓர் இழையில் தொங்கும் ஒயர்கூட 12.6 காட்டும். பழைய ஹெட்லைட் எச்4 பல்பு ஒன்றின் 60 வாட் இழையை ஒரு செருகியோடு இணைத்துச் செருகுங்கள். 5 ஆம்பியர் லோடு தயார். கண்ணாடியைத் தொட வேண்டாம், வெந்துவிடும். சீட் துணி மேலும் வைக்க வேண்டாம். எரியும்போதே பேட்டரி முனைகளிலும் சாக்கெட்டின் பின் காதுகளிலும் வோல்ட் பாருங்கள். 4 ஸ்கொயர், 5 மீட்டருக்கு ஒயர் நஷ்டம் 0.22, பியூஸ், லக், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 0.4-ஐத் தாண்டினால் எங்கோ தளர்வு. எங்கே என்று கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறுமுனையை பியூஸுக்குப் பின், ஸ்விட்சுக்குப் பின், சாக்கெட் காதில் என்று நகர்த்துங்கள். எண் எங்கே திடீரென்று ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. கறுப்புப் பக்கத்தையும் இப்படியே. பத்து நிமிடம் எரியவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரலை எடுக்க வைக்கும் சூடு என்றால் லக்கை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

பிறகு வரும் தொல்லைகள்

செருகியவுடன் பியூஸ் போனால் ஷார்ட், பெரும்பாலும் செருகியின் ஒயரிலோ சாக்கெட்டுக்குள் விழுந்த உலோகத்திலோ. அரைமணி கழித்துப் போனால் லோடு அதிகம். பெரிய பியூஸ் இரண்டுக்குமே பதிலல்ல.

செருகி உருகுவது பல மாதம் கழித்து வரும். நடு முனையின் ஸ்பிரிங் தளர்ந்து, அதில் கரி படிந்து, கரி சூட்டை ஏற்றி, சூடு ஸ்பிரிங்கை இன்னும் தளர்த்தும். சாக்கெட்டையும் செருகியையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும்.

யு.எஸ்.பி. செருகியவுடன் எஃப்.எம். இரைந்தால் சார்ஜர் மலிவானது, உங்கள் ஒயரிங் அல்ல.

மாந்தோப்பிலும் களத்துமேட்டிலும் நிற்கும் வண்டிக்கு எலி தனிப் பிரச்சினை. நெளிகுழாய்க்குள் ஓடும் ஒயரை அவ்வளவு எளிதில் கடிக்காது, ஆனால் குழாய் முடிந்து லக் தொடங்கும் அந்த இரண்டு விரல் இடைவெளியைத் தேடி வந்து கடிக்கும். அங்கே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைக் குழாயின் மேலேறும்படி நீட்டிப் போடுங்கள். சீட்டுக்கடியில் சிந்திய பொரியையும் நிலக்கடலையையும் கூட்டிவிடுங்கள்.